எந்த குரூப் எடுக்கலாமுங்க?

மே மாதம் பிறந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று பழைய மாணவர்கள் கூப்பிடுவார்கள். இப்போது அவர்கள்தான் பெற்றோர். “டீச்சர், பொண்ணு நானூத்தி முப்பது எடுத்திருக்குதுங்க. எந்த குரூப் எடுக்கலாமுங்க?” பொண்ணு பக்கத்தில் இருந்தால் போனைக் கொடு என்பேன். கொடுப்பார்கள். “வணக்கம் டீச்சர்” என்று ஒரு சின்னக் குரல் வந்து அங்கேயே நின்றுவிடும். உனக்கு எதில் விருப்பம் அம்மணி என்று கேட்டால், “அப்பா சொல்றதுதானுங்க டீச்சர்.” பின்னால் அப்பாவின் குரல் கேட்கும்: “நான் ஒண்ணும் சொல்லலை, நீயே சொல்லு.” இந்த நாடகத்தை நான் எத்தனையோ கோடைகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பதினைந்து வயதில் கேட்கப்படும் கேள்விதான். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பிள்ளையின் பாதையில் பாதியை அதுவே தீர்த்துவிடும். கணக்கு இல்லாத குரூப்பில் போனால் இன்ஜினியரிங் இல்லை. கணக்கோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் உயிரியல் இல்லை. உயிரியல் இல்லையென்றால் டாக்டர் மட்டுமல்ல, கால்நடை மருத்துவமும் போயிற்று. இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் நான் விலங்கியல் நடத்திய அரசுப் பள்ளியில் இந்த முடிவு தலைமையாசிரியர் அறையில் நடந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க மார்க் ஷீட்டுகளின் மேல் ஒரு வட்டக் கல். அப்பா நிற்பார், பிள்ளை அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கும். நானூறுக்கு மேலா, ஃபர்ஸ்ட் குரூப். முந்நூத்தம்பதா, இடமிருந்தால் சயின்ஸ், இல்லாவிட்டால் காமர்ஸ். அதற்கும் கீழே என்றால் ஹிஸ்டரி அல்லது தொழிற்கல்வி. அடுத்தவர் வரலாம். மார்க்கைப் பார்த்து எடை போட்டுப் பிரிப்பதைத்தான் நாங்கள் வழிகாட்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வருஷம் ஒரு பையன் நானூற்று நாற்பது எடுத்துவிட்டு ஹிஸ்டரி வேண்டும் என்றான். திருச்செங்கோட்டு மலைப் படிகளில் இருக்கும் கல்வெட்டுகளை விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டுகிறவன் அவன். தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். “ஏண்டா, வீட்ல ஏதாச்சும் பிரச்சினையா?” அவ்வளவுதான், ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். அவன் இப்போது வங்கியில் இருக்கிறான், நன்றாகவே இருக்கிறான். லீவு கிடைத்தால் கீழடிக்குப் போய்விட்டு எனக்குப் படம் அனுப்புகிறான்.

எனக்கு அந்தத் தலைமையாசிரியர் அறைகூட வாய்க்கவில்லை. எங்கள் காலத்தில் பதினொன்றாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடியும், பிறகு கல்லூரிக்குப் போய் ஒரு வருஷம் பி.யு.சி. அப்பா கைத்தறி நெய்தவர். படிப்பு விஷயமென்றால் அவர் போய்க் கேட்பது ஒரே ஆளிடம்: பாவு வாங்கப் போகும் கூட்டுறவுச் சங்கத்து எழுத்தர். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னாராம்: “பொம்பளைப் புள்ளைக்கு டீச்சர் வேலைதானுங்க பாந்தம். நாலரைக்கெல்லாம் வீடு வந்து சேந்துரலாம்.” என் ஆயுசுக்கும் கிடைத்த தொழில் ஆலோசனை அது ஒன்றுதான். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அந்த எழுத்தர் தம் வாழ்க்கையில் பார்த்த பெண் உத்தியோகங்கள் மூன்றே மூன்று: டீச்சர், நர்ஸ், டெலிபோன் ஆபரேட்டர். மூன்றில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நாலாவது ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பார், நல்ல மனுஷர்.

தறி என்றதும் சித்தப்பா ஞாபகம் வந்துவிடும். 1953-இல் ராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் நேரத்தைப் பாதியாக்கினார் அல்லவா, சித்தப்பா அப்போது மூன்றாம் வகுப்பு. பாதி நாள் பள்ளிக்கூடம், மீதிப் பாதி வீட்டில் அப்பன் செய்யும் தொழில். “மொதல்ல ரொம்ப சந்தோசமா இருந்துச்சு கண்ணு, மத்தியானம் பள்ளிக்கூடம் இல்லையே” என்பார். அந்த மத்தியானங்களில் தாத்தா அவரைத் தறிக்குழிப் பக்கத்தில் உட்காரவைத்து நூல் சுற்ற விட்டார். ராட்டையின் சத்தம் பழகியபிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்திருக்கிறது. அதே தெருக்கோடியில் இருந்த கர்ணம் வீட்டுப் பையனுக்கும் மத்தியானம் பள்ளி இல்லை. ஆனால் அவன் வீட்டில் அப்பாவோடு உட்கார்ந்து பழகியது கணக்கும் எழுத்தும். பெரியாரும் அண்ணாவும் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள், மாநிலமே கொந்தளித்தது. அடுத்த வருஷம் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார். சித்தப்பா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தார். ஓய்வு பெற்ற பிறகும் யாராவது ‘கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்’ என்று பேச ஆரம்பித்தால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்.

இந்த வரலாறு தெரியாமல் இந்த ஊரில் யாரும் பிள்ளைகளுக்குத் தொழில் ஆலோசனை சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

பி.எட். படிக்கும்போது வழிகாட்டுதல் பற்றி ஒரு பாடம் இருந்தது. 1908-இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் தேர்வுக்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார். அதே வருஷம் இறந்தும் போனார். அவருடைய புத்தகம் அடுத்த வருஷம்தான் வெளிவந்தது. தேர்வுக்கு அதை மூன்று வரியாக மனப்பாடம் செய்தோம்: உன்னை அறி, வேலைகளை அறி, இரண்டையும் பொருத்திப் பார். முதலாவதற்குப் பெரிய ஊர்ப் பள்ளிகளில் இப்போது பணம் கட்டிச் சோதனை வைக்கிறார்கள். ‘உங்கள் குழந்தைக்கு இடவெளித் திறன் அதிகம்’ என்று வண்ண வண்ணமாக அச்சிட்ட அறிக்கை வருகிறது. வாங்கிப் பார்த்த அப்பா, “அப்ப இன்ஜினியரிங்தானே?” என்று கேட்கிறார். மூன்றாவதைப் பற்றி எல்லாரும் மேடையில் பேசுகிறார்கள். நடுவில் இருக்கும் ‘வேலைகளை அறி’ என்பதை மட்டும் ஆள் வைத்துக் காட்டுவார் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ‘நான் என்னவாக விரும்புகிறேன்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால் டாக்டர், கலெக்டர், போலீஸ், டீச்சர். பிற்பாடு இவற்றோடு ஐ.டி. சேர்ந்துகொண்டது. ஐ.டி.யில் என்ன வேலை செய்வாய் என்றால், “ஏசி ரூம்ல உக்காந்து செய்யறதுங்க டீச்சர்.”

அதனால்தான் பிள்ளைகளை ஒருமுறை ஒரு லாரி பட்டறைக்குக் கூட்டிப்போனேன். நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறை என்றால் ஊரில் எல்லாருக்கும் தெரியும்; உள்ளே போய்ப் பார்த்த பிள்ளைகள் குறைவு. பெண்பிள்ளைகளைப் பட்டறைக்குக் கூட்டிப்போவதா என்று பள்ளியில் ஒரே முணுமுணுப்பு. விலங்கியல் டீச்சருக்கு அங்கே என்ன வேலை என்றும் கேட்டார்கள், அதில் நியாயம் இருந்தது.

அப்போதெல்லாம் ஓசூரிலிருந்து லேலண்ட் சேசிஸ் வெறும் எலும்புக்கூடாக வரும். கேபின்கூட இருக்காது. எஞ்சினுக்குப் பின்னால் ஒரு பலகையைப் போட்டு, தலையில் துண்டு கட்டிய டிரைவர் வெயிலிலும் தூசியிலும் ஓட்டிக்கொண்டு வந்து சேர்வார். அதன்மேல் மரவேலைக்காரர்கள் தளம் போடுவார்கள், வெல்டர்கள் சட்டம் ஏற்றுவார்கள், டிங்கர் தகடு தட்டுவார், ஒயரிங் ஒருவர், சீட்டுக்குக் குஷன் தைக்க ஒருவர். கடைசியில் பெயிண்டர். பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சுற்றினார்கள். பெண்பிள்ளைகள் ஒரு கூட்டமாக எழுத்து எழுதுகிறவர் பக்கத்தில் நின்றுவிட்டார்கள். நூலைச் சுண்ணாம்புப் பொடியில் தோய்த்து, இரண்டு முனையையும் பிடித்து இழுத்து, நடுவில் ஒரு சுண்டு சுண்டினார். தகட்டின் மேல் நேர்கோடு. எழுத்துக்கு எழுத்து இடைவெளியை விரலால்தான் அளந்தார்; ‘ன’வுக்கு எவ்வளவு, ‘ண’வுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது. இடது கையில் ஒரு குச்சி, அதன்மேல் வலது மணிக்கட்டு, மெல்லிசான பிரஷ். உரிமையாளர் பெயரின் கடைசி ‘ம்’முக்குப் புள்ளி வைத்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். “தப்பாயிட்டா என்னண்ணா பண்ணுவீங்க?” என்று ஒருத்தி கேட்டாள். ஈரமாக இருக்கும்போதே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காட்டிவிட்டு, அதே எழுத்தை மறுபடி எழுதினார்.

கிளம்பும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “டீச்சர், புள்ளைங்க ஆசையாப் பாக்குதுங்க. ஆனா இதப் பாத்து யாரையும் இந்த வேலைக்கு அனுப்பிராதீங்க. மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டற ஸ்டிக்கர் வந்துருச்சு. இங்கயும் சீக்கிரம் வந்துரும்.” வந்தும் விட்டது. ஒரு தொழிலின் ஆயுளைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய வேறொருவரை நான் எந்தக் கருத்தரங்கிலும் சந்தித்ததில்லை. கல்லூரி விளம்பரக்காரர்கள் அவரிடம் வந்து பாடம் கேட்கலாம்.

பையன்களில் ஒருவன் வேறெங்கோ நின்றிருந்தான். பட்டறை மூலையில் ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து, சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எத்தனை அடித் தகடு, எத்தனை கிலோ ஆங்கிள், எவ்வளவு சேதாரம், கூலி எவ்வளவு. வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து தொகையைச் சொல்லிவிடுவாராம். திரிகோணமிதியில் திணறிக்கொண்டிருந்த இந்தப் பையன் அவரை விட்டு நகரவே இல்லை. பிறகு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தான். இப்போது விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நஷ்ட மதிப்பீடு எழுதும் சர்வேயர். அதற்குத் தனி லைசென்ஸ் உண்டு என்பதே அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தக் கட்டுரையை நான் ஆயிரம் தடவை எழுதச் சொல்லியிருந்தாலும் யாரும் ‘சர்வேயர் ஆவேன்’ என்று எழுதியிருக்கப் போவதில்லை.

தொழிற்கல்வி விஷயத்துக்கு வருகிறேன். 1978-இல் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தபோது அதற்குள்ளேயே தொழிற்பிரிவும் வந்தது. அதே வருஷம் மால்கம் ஆதிசேஷையா தலைமையில் ஒரு குழு மேல்நிலைக் கல்வியை மறுபரிசீலனை செய்து டெல்லிக்கு அறிக்கை கொடுத்தது; படிப்பும் வேலையும் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், யுனெஸ்கோவில் பெரிய பதவியில் இருந்துவிட்டு வந்தவர். யோசனை நல்ல யோசனைதான். எங்கள் பள்ளிக்கு அது வந்து சேர்ந்தபோது ஆடை தயாரிப்பு, ஜெனரல் மெஷினிஸ்ட் என்றெல்லாம் பெயர்ப்பலகை மாட்டினோம். சேர்ந்தவர்கள், தலைமையாசிரியர் மேஜைமேல் மார்க் ஷீட்டுகளின் கடைசிக் கட்டில் மிச்சமானவர்கள். லேத் மெஷின் ஒன்று வந்தது. அதற்கு மூன்று பேஸ் மின்சாரம் வர நாளாயிற்று. அதுவரை மெஷினின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகம் குறித்தோம்.

இந்தப் பின்னணியில்தான் அந்தக் கூட்டம். பத்தாம் வகுப்புப் பெற்றோரைக் கூட்டி ‘அடுத்து என்ன’ என்று ஒரு நாள் நிகழ்ச்சி வைத்திருந்தோம். சிறப்பு விருந்தினர் ஒரு தொழிலதிபர், பெயர் வேண்டாம். வெள்ளைச் சட்டை, நல்ல குரல். எல்லாரும் டாக்டர் இன்ஜினியர் ஆக முடியுமா, படிப்பு வராத பிள்ளைகளை ஐ.டி.ஐ.யில் போடுங்கள், ஃபிட்டர் வெல்டருக்கு நாட்டில் எவ்வளவு தேவை இருக்கிறது தெரியுமா, எங்களுக்கே ஆள் கிடைப்பதில்லை என்று பேசினார். சொன்ன தகவலில் பிழை ஒன்றும் இல்லை. கைதட்டினார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பஞ்சாயத்தில் துப்புரவு வேலை பார்ப்பவர். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“ஐயா நல்லாப் பேசுனீங்க. ஐயாவோட பையன் எந்த ஐ.டி.ஐ.லீங்க படிக்கிறாரு?”

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. பிறகு பின்வரிசை சிரித்தது, அப்புறம் மண்டபமே சிரித்தது. விருந்தினரும் சிரித்தார், அவருக்கு வேறு வழியில்லை. பையன் அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பதை மேடையில் இருந்த எங்கள் எல்லாருக்கும் அவரே சற்றுமுன் டீ குடிக்கும்போது சொல்லியிருந்தார். கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். குரலில் கோபம் துளியும் இல்லை. நம் பக்கத்து ஆட்களுக்கு ‘ங்க’ போட்டு ஒருவரைக் கீழே உட்கார வைக்கத் தெரியும்.

பலரும் நினைப்பதுபோல அவர் ஐ.டி.ஐ.யை மட்டம் தட்டிக் கேட்கவில்லை. அந்த மனுஷரின் பையன் பிறகு ஐ.டி.ஐ.யில்தான் சேர்ந்தான். இரண்டு வருஷம் ஃபிட்டர். நானே அவனிடம் எலக்ட்ரீசியன் எடு என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அரத்தால் ராவி, இரண்டு இரும்புத் துண்டு இடைவெளியில்லாமல் பொருந்துவதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு அதுதான் வேண்டும். திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, அங்கிருந்து ரயில்வேக்குள்ளேயே போய்விட்டான். அப்பா கேட்டது வேறு. ‘படிப்பு வராத பிள்ளை’ என்று நீங்கள் யாரைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்பதுதான். மார்க்கைப் பார்த்தா, சட்டையைப் பார்த்தா, தெருவைப் பார்த்தா? அதற்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்ல வாயெடுத்தாலும், இதை என் பையனுக்குச் சொல்வேனா என்று ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் சொன்னேன். என் பையன் அப்போது ஃபர்ஸ்ட் குரூப்பில் படித்துக்கொண்டிருந்தான்.

நாமக்கல் வட்டாரத்துக்கு இன்னொரு புகழும் உண்டு, சொல்லாமல் விட்டால் குறை. ஹாஸ்டல் பள்ளிகள். ப்ளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே நடத்தி மார்க்கைப் பிழிந்த காலம். ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பெட்டியோடு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். 2017-இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது அதை நிறுத்தத்தான். ரேங்க் பட்டியல் வெளியிடுவதும் அந்த வருஷமே நின்றது. அந்த விடுதிகளில் படித்த பிள்ளைகள் கதவைத் திறந்து வெளியே வந்திருந்தால், பக்கத்திலேயே ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதைப் பார்த்திருப்பார்கள். 1985-இல் ஆரம்பித்தது. கோழிப்பண்ணைகள் இத்தனை இருக்கும் ஊரில் அதைவிடப் பொருத்தமான கல்லூரி கிடையாது. முட்டை விலையை தினம் பேப்பரில் பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள்கூட, “மாட்டு டாக்டருங்களா டீச்சர்?” என்று உதட்டைப் பிதுக்குவார்கள். கோழிக்கு நோய் வந்தால் இரத்தமெடுத்துப் பரிசோதிக்கும் கூடம் இருக்கிறது, தீவனத்தில் என்ன கலக்க வேண்டும் என்று கணக்குப் போடும் வேலை இருக்கிறது, ஓசூரில் கோழியின வளர்ப்புக்கென்றே பி.டெக். இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் கண் விரியும்.

இடையில் ஓர் இன்ஜினியரிங் அலை அடித்தது. மாநிலத்தில் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டின. நெடுஞ்சாலையில் சோளக்காட்டுக்கு நடுவே வளைவு வைத்த வாசல்கள் முளைத்தன. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மாவுக்கும் அவர் மகளுக்கும் துணையாக நான் கவுன்சலிங்குக்குக் கிண்டிக்குப் போனேன். சேலத்திலிருந்து ராத்திரி பஸ். விடியற்காலையில் அண்ணா பல்கலைக்கழக மரத்தடியில் இட்லிப் பொட்டலம். உள்ளே பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் என்று எண்கள் குறைந்துகொண்டே இருக்கும். பெயர் கூப்பிட்டதும் போய்ச் சில நிமிஷத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் அம்மா திரையைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஈ.சி.இ.’ என்றாள் மகள். ஏன் என்று வெளியே வந்து கேட்டேன். “முன்னாடி போன அக்கா அதான் டீச்சர் எடுத்தாங்க.” 2018-இல் எல்லாம் ஆன்லைனாகிவிட்டது. இப்போது வீட்டிலிருந்தே அந்த அக்காவைப் பார்த்து எடுக்கலாம்.

நானும் சும்மா இல்லை. பள்ளி வராந்தாவில் ஒரு பலகை மாட்டி, பேப்பரில் வரும் அறிவிப்புகளை வெட்டி ஒட்டினேன். பள்ளி வாசலில் பஜ்ஜி விற்கும் அம்மா, “டீச்சர், இன்னைக்கு ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?” என்று கேட்டுப் பழைய பேப்பரை எனக்கு எடுத்துவைப்பார். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தொழில்நெறி வழிகாட்டும் மையம் என்று நீளப் பெயர் உண்டு. ஊரில் அதைப் பதிவு செய்து மூன்று வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கும் இடமாக மட்டுமே அறிவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கான பயிலும் வட்டம் அங்கே நடக்கிறது, புத்தகம் இருக்கிறது, கேட்டால் பள்ளிக்கு வந்து பேசவும் செய்வார்கள் என்பது போய்ப் பார்த்தபிறகு தெரிந்தது.

பலகையில் ஒட்டிய ஒரு துண்டு ஒரு பையனைக் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மத்திய அரசின் மீன்வளப் பயிற்சி நிறுவனம், சென்னை ராயபுரத்தில் கிளை. மீன்பிடிக் கப்பலை ஓட்டவும் அதன் எஞ்சினைப் பார்க்கவும் இரண்டு வருஷப் பயிற்சி, பத்தாம் வகுப்பு போதும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி டிரில்லரின் மகன் அவன். பூமியில் ஆயிரம் அடி ஆழம் வரை அவன் வீட்டுக்குத் தெரியும், கடலை யாரும் பார்த்ததில்லை. அவன் அம்மா என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்று: “மீன் நாத்தம் அடிக்குமுங்களா டீச்சர்? எங்க வீட்ல கவுச்சியே ஆவாதுங்க.” அடிக்கும் என்றேன். போனான். இப்போது கவுச்சி ஆகுமா என்று கேட்டால் சிரிக்கிறான்.

2022 மார்ச் மாதம், பிள்ளைகளுக்கு வழிகாட்டவென்று மாநில அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கியது. அந்தக் கோடையில் ‘கல்லூரிக் கனவு’ என்று மாவட்டந்தோறும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு முகாம் நடந்தது. ஓய்வு பெற்றவள்தானே என்று நானும் போய் ஓர் ஓரமாக நின்றேன். என் காலத்தில் வெட்டி ஒட்டிய பலகையெல்லாம் கையேடாக அச்சாகி ஒவ்வொரு பிள்ளை கையிலும் இருந்தது. பொறாமையாகக்கூட இருந்தது. மேடையில் வழக்கம்போல ஐ.ஏ.எஸ். ஆகலாம் என்று ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று கேட்டவை வேறு. ஹாஸ்டலில் ராத்திரி என்ன சாப்பாடு? எங்கள் ஊரிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு? முதல் பட்டதாரி சான்றிதழில் அப்பா இனிஷியல் தப்பாக இருக்கிறது, செல்லுமா? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டே, நான் ஆறாம் வகுப்பு வேறு பள்ளியில் படித்தேனே? மாதம் ஆயிரம் ரூபாய் எந்த பேங்க் கணக்கில் வரும்? என் அனுபவத்தில் கனவு கலைவது கனவு இல்லாததால் அல்ல. ஆதாரில் ஒரு பெயர், மாற்றுச் சான்றிதழில் இன்னொரு பெயர், இ-சேவை மையத்தில் சர்வர் வேலை செய்யவில்லை, விண்ணப்பிக்கக் கடைசி நாள் நேற்று. அன்று சாயங்காலம் வரை இனிஷியல்தான் பார்த்தேன்.

இப்போது அந்தக் கேள்வி என் வீட்டுக்கே வந்திருக்கிறது. சென்னையில் இருக்கும் என் பையனின் மகள் பத்தாம் வகுப்பில் நானூற்று எழுபது சொச்சம். அவளுக்கு எழுத்துருக்கள் என்றால் பைத்தியம். போஸ்டரைப் பார்த்தால் செய்தியைப் படிக்கமாட்டாள். ‘ழ’வின் வாலை எப்படி இழுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பாள். ப்ளஸ் ஒன் வேண்டாம், தரமணியில் அச்சுத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ இருக்கிறது, அதில் சேர்கிறேன் என்கிறாள். என் பையன் போனில் குதித்தான். “நானூத்தி எழுபது எடுத்துட்டு பாலிடெக்னிக்காம்மா? நீதான் அவளுக்கு எடுத்துச் சொல்லணும்.”

எடுத்துச் சொன்னேன், அவளுக்கு அல்ல, அவனுக்கு. மூன்று வருஷம்தான். முடித்துவிட்டு வேண்டுமானால் நேராக பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம். கிண்டியிலேயே அச்சும் பேக்கேஜிங்கும் சேர்ந்த பிரிவு இருக்கிறது. மருந்து அட்டையிலிருந்து பிஸ்கட் உறை வரை அச்சில்லாமல் எதுவும் கடைக்கு வருவதில்லை. சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு தரமணி வளாகத்துக்குப் போ, ஒரு மெஷின் ஓடுவதை நின்று பார்க்க விடு, அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் சேர், வேண்டாம் என்றால் உன் ஃபர்ஸ்ட் குரூப் எங்கும் ஓடிவிடாது என்றேன்.

அவன் எல்லாவற்றையும் கேட்டான். கிண்டியில் படித்தவனாயிற்றே, கேட்டதில் ஒன்றையும் மறுக்கவும் முடியவில்லை.

“அதெல்லாம் சரிம்மா. ஆபீஸ்ல கேட்டா என்னன்னு சொல்றது?”

முதலில் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி எதுவென்று பார்த்துச் சொல்லுடா என்றேன்.